‘நான்’ போயிற்று, ‘ஏன்’ இருக்கிறது

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது வந்த நாளிலிருந்து ஆபீசில் எல்லோரும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டரைப் பார்க்கும் ஆசை முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டது. அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. சன்னல்களைச் சாத்தி ஓரங்களில் டேப் ஒட்டியிருந்ததால் சுண்ணாம்புத் தொட்டியின் வாடை உள்ளே வராது. காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நாள் முழுக்கத் தோலோடு புழங்குகிற கம்பெனியில், அந்த ஒரு கதவுக்கு முன்னால் மட்டும் கோயில் வாசல் மாதிரி செருப்புகள் கிடக்கும்.

நான் அங்கே தமிழ் டைப்பிஸ்ட். டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். வயது இருபத்து நான்கு. ‘கண்ட இடத்தில் துப்பாதீர்’ முதல் லேபர் ஆபீசுக்குப் போகும் கடிதம் வரை கம்பெனியில் தமிழில் எது வெளியே போனாலும் என் விரல் வழியாகத்தான் போகும். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் வீட்டில் காலையில் ஜெபம், மாலையில் நோட்டுத் திருத்தல்.

கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதியவர் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வேலூரில் கணக்கு படித்துவிட்டு மெட்ராஸில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவர். எத்தனை தோல் வந்தது, எந்த லாட்டில் இருக்கிறது, எந்தக் குடோனுக்குப் போனது, எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். ஒல்லியாக இருப்பார். மெஷினோடு பேசுவார். “இன்னாப்பா, காலையிலயே இப்படிப் பண்ற?” என்று அவர் கேட்டால் யாரைக் கேட்கிறார் என்று உள்ளே எட்டிப் பார்ப்போம். அறையில் வேறு ஆள் இருக்காது.

அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார். போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. பேரணாம்பட்டில் இருந்த எங்கள் இன்னொரு டேனரிக்கும் இதே மாதிரி கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அங்கேயும் ஒரு பிரதி போக வேண்டும். ஆபரேட்டர்கள் வேகமாகப் படிப்பது தமிழ்தான் என்பதால் தமிழிலேயே எழுதச் சொன்னார்கள்.

இரண்டு வாரத்தில் எண்பது பக்கம் எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார். அதை ஸ்டென்சிலில் அடிக்க வேண்டியது என் வேலை. முதல் பக்கத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

‘காலையில் வந்ததும் நான் முதலில் ஸ்டெபிலைசரைப் போடுவேன். முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்கவில்லை என்றால் நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். வந்து பார்த்தால் பெரும்பாலும் நின்றிருக்கும்.’

இப்படியே போயிற்று. ‘ஐந்தாம் எண்ணை அழுத்தினால் ஆறாவது வேலை நடக்கும். இது நான் செய்த தப்பு. கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பழகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.’ இன்னொரு பக்கத்தில், ‘எனக்கு இந்தப் பிரிண்டரைப் பிடிக்காது. ரிப்பன் மாட்டும்போது இரண்டு முறை என் விரலைக் கடித்திருக்கிறது.’ அறுபதாம் பக்கத்தில், ‘சனிக்கிழமை மதியம் நான் எல்லாவற்றையும் பிளாப்பியில் நகல் எடுப்பேன். எடுக்காமல் வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.’

பத்துப் பக்கம் அடித்து மேனேஜரிடம் காட்டினேன்.

மேனேஜர் வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, ஆபீசில் தமிழ். சுத்தமான வெள்ளைச் சட்டை, மேசையில் பென்சில்கள் ஒரே உயரத்தில் சீவி அடுக்கியிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு காகிதம் கையெழுத்தாகி வெளியே போகிறது என்றால் அதில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது அவருக்கு.

இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்.

“யாரும்மா இந்த நான்?”

“புரோகிராமர் சார்தான் சார்.”

“அவன்தான் அடுத்த மாசம் போய்டறானே. போனவன் எப்படி ஸ்டெபிலைசர் போடுவான்? நான் நான்னு எண்பது பக்கம். கம்பெனி இன்னா அவங்க அப்பன் வீட்டுதா? முதலாளி படிக்கப் போறாரும்மா. ஒரு நான்கூட இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடு.”

எடுத்தேன். சுலபமான வேலைதான் என்று நினைத்தேன். ஸ்டென்சில் திருத்துகிற சிவப்புத் திரவத்தின் வாசனையில் தலை கிறுகிறுத்தாலும் ஒரே நாளில் அந்தப் பத்துப் பக்கத்திலும் இருந்த ‘நான்’ எல்லாவற்றையும் அழித்து, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்தார்.

“‘காலையில் வந்ததும் முதலில் ஸ்டெபிலைசரைப் போடுவேன்.’ யாரும்மா போடுவேன்?”

“அவர்தான் சார்.”

“அவனை எடுக்கச் சொன்னேனே!”

“நான் எடுத்தாச்சு சார். ஏன் மட்டும்தான் இருக்குது.”

“ஏன் இருக்குது?”

“ஆமா சார், ஏன் இருக்குது.”

“அதத்தாம்மா நானும் கேக்கறேன், ஏன் இருக்குது?”

“அத எடுக்க முடியாது சார். வார்த்தையோட ஒட்டிக்கினு இருக்குது.”

“எது?”

“ஏன்.”

“எதுன்னு கேட்டா ஏன்னு கேக்கறியேம்மா!” என்று அவர் பென்சிலைக் கீழே வைத்தார். எனக்கு அப்போதுதான் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று விளங்கியது. ஒரு தாளை எடுத்து ‘போடுவேன்’ என்று எழுதி, கடைசி எழுத்துகளைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் பென்சிலை மறுபடி எடுத்து அந்த வட்டத்தைத் தட்டினார்.

“முன் வாசல்ல வெரட்டினா பின் வாசல்ல வந்து குந்திக்கினு இருக்கான்” என்றார். “அதையும் எடு.”

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா நோட்டுத் திருத்திக்கொண்டே, “ஏன்-ங்கிறது தன்மை ஒருமை விகுதி. அத எடுத்துட்டா வினை எங்கடி போய் முடியும்? அந்தரத்துல நிக்கும்” என்றாள். “வேற ஆளப் போடு. நாம்னு போடு.”

‘நாம் ஸ்டெபிலைசரைப் போடுவோம்’ என்று மாற்றினேன். மேனேஜருக்கு அதில் வேறு கவலை. “நாம்னா நானும் அதுல சேத்தியா? நான் எதுக்கும்மா மாடியேறி ஸ்டெபிலைசர் போடணும்?” என்றார்.

‘ஸ்டெபிலைசரைப் போடவும், முள்ளைப் பார்க்கவும்’ என்று மாற்றினேன். அது எனக்கே பிடித்திருந்தது. கடைக்குப் போகும்போது அம்மா எழுதித் தரும் சீட்டு மாதிரி தெளிவாக இருந்தது. மேனேஜர் முதல் வரியைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“முதலாளி படிப்பாரும்மா. அவரப் பாத்து போடவும், அழுத்தவும், டீ குடிச்சிட்டு வரவும்னு சொல்லலாமா? நம்ம தலை தப்புமா?”

மூன்று முறை அடித்த ஸ்டென்சில்கள் என் காலடியில் குப்பையாகக் கிடந்தன. சலித்துப்போய் ஒரு நாள் மத்தியானம் ஸ்டேஷனுக்குப் பார்சல் புக் செய்யப் போனேன். சுவரில் ஒரு போர்டு இருந்தது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள். யார் தண்டிப்பார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் படித்ததும் கையிலிருந்த பிளாட்பாரம் டிக்கெட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அதுதான் வழி என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

அப்புறம் எண்பது பக்கமும் மடமடவென்று ஓடியது. ஸ்டெபிலைசர் போடப்படும். முள் பார்க்கப்படும். முள் நிற்காவிடில் டீ குடிக்கப்படும். ஐந்தாம் எண் அழுத்தப்பட்டால் ஆறாவது வேலை செய்யப்படும், இது தவறாகச் செய்யப்பட்டது, பழகப்பட்டுவிட்டதால் விடப்பட்டது. பிரிண்டர் வந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். ‘எனக்கு இந்தப் பிரிண்டரைப் பிடிக்காது’ என்பதை என்ன செய்வது? ‘இந்தப் பிரிண்டர் பிடிக்கப்படுவதில்லை’ என்று அடித்துவிட்டு மேலே போய்விட்டேன்.

மேனேஜர் பூரித்துப்போனார். “கவர்மென்ட் ஆர்டர் மாதிரி இருக்குதும்மா! இப்பத்தான் கம்பெனி பேசறா மாதிரி இருக்குது” என்றார். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். “டீ குடிக்கப்படும்னு இருக்கே, எந்த டீ? நம்ம கேண்டீன் டீயா?” ஆமாம் என்றேன். “அப்போ சரி.”

அடித்து முடித்த பிரதியை புரோகிராமரிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். ஏசி அறையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை புரட்டினார்.

“என்னைக் காணோமே சிஸ்டர்” என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஸ்கிரீனைத் துடைக்கிற மஞ்சள் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார்.

“நான் பெருமைக்கு எழுதல சிஸ்டர். ஐந்த அழுத்துன்னு எழுதினா, அதுதான் சரின்னு நான் உத்தரவாதம் குடுக்கறா மாதிரி ஆய்டும். எனக்கு எது சரின்னு தெரியாது. நான் இப்படிப் பண்றேன், இது வரைக்கும் எதுவும் வெடிக்கல. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது. அதத்தான் எழுதினேன்.”

 அவர் அறுபதாம் பக்கத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும். இந்த ஒரு எடத்துல மட்டும் நானை விட்டுடுங்க. சோறு இறங்காதுன்னு எழுதியிருந்தேன் பாருங்க, அது வேணும். அதப் படிச்சாத்தான் ஒருத்தன் பிளாப்பியத் தேடுவான்.”

“மேனேஜர் ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு சார். தேடிப் பாப்பாரு” என்றேன். உண்மையில் மேனேஜர் அறுபதாம் பக்கம் வரை படித்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்டென்சிலைத் திரும்ப அடிக்கச் சோம்பலாக இருந்தது. ‘சனிக்கிழமை மதியம் நகல் எடுக்கப்படும்’ என்பது அப்படியே நின்றுவிட்டது. சோறு பற்றிய வரி காணாமலே போயிற்று.

அவர் பெங்களூர் போன பிறகு ஆபரேட்டர் தனியாக ஆனார். மாதனூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பி.காம். பையன். பொறுப்பானவர். எழுதியிருந்தால் செய்வார், எழுதாததைத் தொடமாட்டார். பேரணாம்பட்டில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் வேறு மாதிரி. இருபது வருஷமாக அங்கே கிளார்க்காக இருந்தவர், எல்லோருக்கும் பாய். தமிழ் நன்றாகப் பேசுவார், படிப்பதுதான் எழுத்துக்கூட்டி.

முதல் போன் அவரிடமிருந்துதான் வந்தது. நான்தான் எடுத்தேன். என்னை அவர் ‘பேட்டி’ என்றுதான் கூப்பிடுவார், உருதுவில் மகள்.

“பேட்டி, இந்த பொஸ்தகத்துல பிரிண்டரப் புடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதே. புடிக்காம எப்படி மேசை மேல ஏத்தறது?”

“இப்ப எங்க பாய் இருக்குது?”

“வந்த எடத்துலதான். தரையில. நாலு நாளா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிடிக்கலாம், தைரியமாகப் பிடித்துத் தூக்கி வையுங்கள் என்றேன். “எழுதிக் குடுப்பியா?” என்றார். ஒரு வரிக் கடிதம் அடித்து பஸ்ஸில் அனுப்பினேன். அடுத்த வாரம் அங்கிருந்த கேண்டீன்காரர் மேனேஜருக்குப் போன் செய்தார். காலையில் முள் நிற்கவில்லை என்று சொல்லி பாய் தினமும் டீ வாங்கிக் குடிக்கிறாராம். கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறாராம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு, பென்சில் சீவ ஆரம்பித்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஆம்பூர் மெஷின் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. ஆபரேட்டர் சனிக்கிழமை மெயினை அணைக்கவில்லை. ‘அணைக்கப்படும்’ என்றுதான் இருந்தது. மெட்ராஸிலிருந்து மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஹார்ட் டிஸ்க் போய்டுச்சு சார். காப்பி இருக்குதில்ல?” என்றார் சாவகாசமாக.

மேனேஜர் ஆபரேட்டரைப் பார்த்தார். ஆபரேட்டர் அலமாரியைத் திறந்து பிளாப்பி டப்பாவை எடுத்தார். மேலே இருந்தது புரோகிராமர் பெங்களூர் போவதற்கு முன் கடைசியாக எடுத்த சனிக்கிழமை பிளாப்பி. அவர் கையெழுத்தில் தேதி போட்டிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வாங்கி வைத்த புது பிளாப்பிகள் உறை பிரிக்காமல் இருந்தன.

“ரெண்டு மாசத்துக்கு மேலே ஆச்சே, ஏன் எடுக்கல?” என்றார் மேனேஜர்.

ஆபரேட்டர் புத்தகத்தை எடுத்து அறுபதாம் பக்கத்தை விரித்தார்.  தன் பக்கம் நியாயம் இருக்கிறவர் மாதிரி நின்றார்.

“எடுக்கப்படும்னுதான் சார் போட்டிருக்குது. நான் எடுக்கணும்னு இல்லியே. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மெஷின்ல ஒரு சத்தம் வரும். சரி, எடுக்கப்படுதுன்னு நெனச்சுக்கினேன்.”

பேரணாம்பட்டுக்குப் போன் போட்டோம். “நகலா? அது ஆம்பூர்ல எடுப்பீங்கன்னு இருந்தேன். பெரிய ஆபீஸ் ஆச்சே” என்றார் பாய்.

  யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமலிருக்க எல்லோரும் படாத பாடு படுவது தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அணைக்கட்டுப் பிள்ளை அந்த ஒரு வரியை விட்டுவிடச் சொல்லிக் கேட்டதும், ஸ்டென்சில் அடிக்கச் சோம்பிப்போய் நான் மேனேஜரின் பேரைச் சொன்னதும் எனக்கு மட்டும்தான் தெரியும். “சார், அது நான்...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் கீழேயிருந்து ஆள் ஓடி வந்தார், முதலாளி லைனில் இருக்கிறார் என்று.

மேனேஜர் ஷூகூட மாட்டாமல் இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். போனில் உருதுவில்தான் பேசினார்கள். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த அளவு உருது தெரியாமல் இருக்காது. முதலில் ‘தப்பு ஆகிவிட்டது’ என்றார் மேனேஜர். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ‘ஆகிவிட்டது சாப்’ என்றார் மறுபடியும். அந்தப் பக்கத்துக் குரல் உயர்ந்தது. மேனேஜர் ஒரு பென்சிலை எடுத்துப் பார்த்தார், அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அப்புறம் ‘மைனே போலா’ என்றார். ‘நான்தான் சொன்னேன்’ என்று அர்த்தம். ‘அந்தப் பெண் நான் சொன்னபடி அடித்தாள். ஆபரேட்டர் அதில் இருந்தபடி செய்தான்’ என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அறுபதாம் பக்கத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டார்.

“சோறு இறங்காதுன்னு எழுதியிருந்தானா?”

“ஆமா சார்.”

“நான் அத பாக்கவே இல்லியேம்மா.”

“நீங்க பத்தாம் பக்கத்துக்கு மேல படிக்கல சார்” என்று வாய் தவறி வந்துவிட்டது. நல்லவேளை, அவர் சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எங்களைக் காப்பாற்றியது குடோன் சூப்பர்வைசர். அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கையே கிடையாது. ஒவ்வொரு லாட்டும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எழுதுகிற துண்டுச் சீட்டுகளை எறியாமல் ஒரு கோணியில் போட்டு வைத்திருந்தார். கோணியை மாடிக்குத் தூக்கிக்கொண்டுவந்து, அந்தச் சுத்தமான தரையில் கவிழ்த்தார். உப்பு ஒட்டிய சீட்டுகள், தண்ணீரில் மை கலைந்த சீட்டுகள், ஒரு வெற்றிலைக் காம்பு, எல்லாம் விழுந்தன. ஏசி அறைக்குள் முதல் தடவையாகக் குடோன் வாடை வந்தது. அது அப்புறம் போகவே இல்லை.

புது டிஸ்க் வந்ததும் ஒன்பது நாள் உட்கார்ந்தோம். நான் சீட்டுகளைத் தேதிவாரியாகப் பிரித்துக் கொடுக்க, மேனேஜர் படிக்க, ஆபரேட்டர் தட்டினார். மேனேஜர் வாசலில் ஷூவைக் கழற்றியபோதுதான் அவர் சாக்ஸில் ஓட்டை இருப்பது கம்பெனிக்குத் தெரிந்தது. இரண்டாம் நாள் முதல் சாக்ஸும் இல்லாமல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். “ஆட்டுத் தோல் ஆயிரத்து இருநூறு, கம்மி ரகம்” என்று அவர் ஏலம் விடுகிற குரலில் படிப்பார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டு, “கம்மி ரகம் இல்ல சார், நடுத்தரம். அது என் கையெழுத்து” என்பார். ஒவ்வொரு சீட்டிலும் கீழே அவர் கையெழுத்தும், வாங்கியவர் கையெழுத்தும் இருந்தன. ஒரு சீட்டில்கூட ‘படும்’ கிடையாது.

கடைசிச் சீட்டு முடிந்த அன்று மேனேஜர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வரவழைத்தார். எல்லோரும் ஒட்டுகிற கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றோம். ஆபரேட்டர் ஸ்கிரீன் துடைக்கும் துணியில் துடைத்துவிட்டார். “அது எழுதியிருக்கலியே” என்று சூப்பர்வைசர் கேலி செய்தார்.

மறுபடியும் புத்தகம் அடிக்க வேண்டி வந்தது. இந்த முறை ஒவ்வொரு வரியிலும் ஆள் இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். நான் பதவிப் பெயர் போட்டேன். ‘சனிக்கிழமை மதியம் ஆபரேட்டர் நகல் எடுப்பார்.’ ஆபரேட்டர் படித்துப் பார்த்து, அப்போதே பிளாப்பியின் உறையைப் பிரித்தார். வேலை முடிந்தது என்று பேரணாம்பட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.

நான்காம் நாள் பாயின் போன்.

“பேட்டி, புதுப் பொஸ்தகம் வந்துச்சு. ரொம்ப நல்லா இருக்குது. ஆனா எங்க கிட்ட ஆபரேட்டர் யாரும் இல்லியே. நான் கிளார்க்கு. ஆபரேட்டர் எப்ப வருவாரு?”

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நீயே போய்ட்டு வாம்மா” என்றார். “உக்காந்து காட்டிட்டு வா. எழுத்து வேணாம். பேஜாரு.”

பஸ் பிடித்துப் போனேன். பேரணாம்பட்டு டேனரியில் கம்ப்யூட்டர் அறை என்று தனியாக இல்லை. பாயின் மேசைக்குப் பக்கத்திலேயே பெட்டி இருந்தது. மேலே ஒரு பூப்போட்ட துணி. பிரிண்டர் மேசை மேல்தான் இருந்தது. அதன் அடியில் நான் அனுப்பிய ஒரு வரிக் கடிதத்தை மடித்து வைத்திருந்தார், யாராவது கேட்டால் காட்டுவதற்காக.

எனக்குக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியாது. எண்பது பக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில் தெரிந்துகொண்டதுதான். அது போதுமானதாக இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். “நான் இப்ப இதப் போடறேன் பாய். நான் இப்ப இத அழுத்தறேன்” என்று சொல்லிக்கொண்டே செய்தேன். அணைக்கட்டுப் பிள்ளை மாதிரியே பேசுகிறோம் என்று நடுவில் தோன்றியது. பாய் ஒரு நீள நோட்டில் வலமிருந்து இடமாக வேகவேகமாக உருதுவில் எழுதிக்கொண்டே வந்தார். தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்த மனிதரா இவர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முத்து முத்தாக எழுத்து.

கிளம்பும்போது எனக்கு ஒரு பயம் வந்தது. “பாய், இன்னா எழுதியிருக்கீங்க? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க” என்றேன். மேனேஜர் கட்டாயம் கேட்பார்.

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக உருதுவில் முனகி அதைத் தமிழில் சொன்னார்.

“‘ஆம்பூர் அம்மா வந்தாங்க. அம்மா முள்ளப் பாத்தாங்க. முள் நிக்கல. அம்மாவுக்கு டீ குடுத்தேன். வந்து பாத்தா நின்னுச்சு. அம்மா அஞ்ச அழுத்தினாங்க, ஆறு வந்துச்சு. அம்மா சிரிச்சாங்க. அம்மா பிளாப்பி எடுத்தாங்க, ரெண்டு. ஒண்ணு அலமாரியில, ஒண்ணு என் வீட்டுல. இத செய்யாம வுட்டா ஆம்பூர் அம்மா அழுவாங்க.’”

“நான் அழுவேன்னு எப்ப சொன்னேன்?” என்றேன்.

“சொல்லல. அந்த ஹார்ட் டிஸ்க் கதையச் சொன்னப்போ உன் மூஞ்சியப் பாத்தேன்” என்றார் பாய்.

மேனேஜர் மறுநாள் கேட்கத்தான் செய்தார். அதில் ‘நான்’ இருக்கிறதா என்றார். முழுக்க நான்தான் சார் என்றேன். அவர் அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கம்பெனியில் இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். எனக்குத் தெரிந்து பேரணாம்பட்டில் ஒரு சனிக்கிழமைகூட நகல் தவறவில்லை. பிளாப்பி எடுத்து முடித்ததும் பாய் ஆம்பூருக்குப் போன் செய்வார். “எடுத்தாச்சு பேட்டி” என்பார். சரி பாய் என்று வைத்துவிடுவேன்.